அருவிக்குக் குடும்பத்துடன் ஒரு நாள்: குழந்தைகளைக் குளிக்க விடலாமா?

“ஒன்பது வயது மகன், நான்கு வயது மகள், மூட்டுவலி உள்ள என் தாயார் ஆகியோருடன் ஒரே நாளில் அருவி ஒன்றைப் பார்த்துத் திரும்ப நினைக்கிறோம். நல்ல மழை பெய்தவுடன் போனால்தான் அழகாக இருக்கும் என்கிறார்கள். குழந்தைகளைக் குளிக்க விடலாமா? எவற்றைக் கவனிக்க வேண்டும்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அருவியைக் கண்ணாரப் பாருங்கள். அது விழும் மடுவில் குழந்தைகளை இறக்காதீர்கள். அவர்கள் தண்ணீரில் கால் நனைக்க ஆசைப்பட்டால், அருவியிலிருந்து தள்ளி, ஓடை அகன்று, அடித்தரை தெளிவாகத் தெரிந்து, நீர் மெல்ல நகரும் இடமாகத் தேடிக்கொள்ளுங்கள்.

மடுவைப் பற்றி நான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்கு ஆழம் மட்டுமே காரணமன்று. விழுகிற நீர் காற்றையும் தன்னுடன் இழுத்துக்கொண்டு இறங்குவதால்தான் அங்கே வெள்ளை நுரை கொப்பளிக்கிறது. காற்றுக் குமிழிகள் கலந்த நீரின் அடர்த்தி குறைவு. அடர்த்தி குறைந்தால் உடலை மேலே தாங்கும் விசையும் குறையும். ஆகவே குளத்தில் நன்றாக நீந்துபவர்கூட நுரைக்குள் எதிர்பாராத அளவுக்கு அமிழ்ந்துவிடுகிறார். போதாக்குறைக்கு, மேல்மட்ட நீர் சுழன்று அவரை மீண்டும் அருவியின் அடிக்கே இழுப்பதும் உண்டு. தெளிந்த பகுதியும் ஏமாற்றும்: ஒளிவிலகலால், நேர் மேலிருந்து பார்க்கையில் 2 மீட்டர் ஆழம் ஏறத்தாழ 1.5 மீட்டராகவே தோன்றும். இவற்றுடன் மேலிருந்து உருண்டு வரும் கற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் கீழே வரும்போது மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகத்தை எட்டியிருக்கும். அருவியின் இரைச்சலில் அது வருவது யாருக்கும் கேட்காது. பாறையே பெயர்ந்து விழுவதும் உண்டு. நயாகராவில் 1954-ஆம் ஆண்டு, பார்வையாளர்கள் நின்று பார்க்கும் பாறை முனையின் பெரும்பகுதி இடிந்து சரிந்தது.

மழை பெய்தவுடன் போகலாமா என்றால், வேண்டாம் என்பேன். அருவியில் விழும் நீர், நீங்கள் நிற்கும் இடத்தில் பெய்த மழையன்று. மேலே பல கிலோமீட்டர் தொலைவில், வேறொரு சரிவில் பெய்த மழை அது. உங்கள் தலைக்கு மேல் வெயில் காயும்போதே காட்டாற்று வெள்ளம் சில நிமிடங்களில் வந்துவிடக்கூடும். எனவே வானிலை முன்னறிவிப்பை அருவி இருக்கும் ஊருக்கு மட்டும் பார்க்காமல், அதற்கு மேலுள்ள நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் பாருங்கள். மழை ஓய்ந்து இரண்டு மூன்று நாள் கழித்துச் சென்றால் கலங்கல் தெளிந்திருக்கும், அருவியும் மெலிந்திருக்காது.

அங்கே போனதும் நீர் விளிம்பில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொண்டு, அடிக்கடி அதைப் பாருங்கள். கல் முழுகத் தொடங்கினாலோ, தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வந்தாலோ, இரைச்சல் கனத்தாலோ, பைகளைக்கூட எடுக்க நில்லாமல் எல்லோரும் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். வேகமாக ஓடும் நீர் வெறும் 15 சென்டிமீட்டர் ஆழமிருந்தாலே வளர்ந்தவரையும் விழத்தட்டிவிடும். தண்ணீரில் இறங்காதவர் ஒருவர் இந்தக் காவலை ஏற்பது நல்லது. ஆனால் மகளுக்குக் கை எட்டும் தொலைவில் நிற்க வேண்டியவர் வேறொருவர். இரண்டு வேலையையும் ஒருவரிடமே கொடுக்காதீர்கள்.

உங்கள் தாயாரைப் பொறுத்தவரை, ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மலையேற்றத்தில் களைப்பில்லாதபோது ஏறிவிட்டுக் களைத்தபின் இறங்குகிறோம். பல அருவிகளிலோ இது தலைகீழ். வண்டியை மேலே நிறுத்திவிட்டுப் பள்ளத்துக்கு இறங்குகிறோம். ஏற்றம் திரும்பும் வழியில் காத்திருக்கிறது. இறங்குவது எளிது என்றும் எண்ண வேண்டாம், முழங்காலுக்குக் கூடுதல் சுமை இறக்கத்தில்தான். சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 1 மணி நேரம் என்பது மலைநடையில் பழகியவர்களின் கணக்கு. உங்கள் குடும்பம் அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளட்டும். பள்ளத்தாக்கில் வெளிச்சம் சீக்கிரம் மங்கிவிடுவதால், திரும்பும் நேரத்தைப் புறப்படும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். மேலிருந்தே அருவி தெரியும் இடமாகத் தேர்ந்தெடுத்தால் தாயார் இறங்கவே வேண்டியதில்லை.

காலையில் செல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெயில் உங்கள் முதுகில் விழ, எதிரே சாரல் இருந்தால், சூரியனுக்கு நேரெதிர்த் திசையிலிருந்து ஏறத்தாழ 42 பாகைக் கோணத்தில் வானவில் தெரியும். சூரியன் தாழ்ந்திருக்கும்போதுதான் அது நன்றாக எழும்பி நிற்கும். அருவி கிழக்கு நோக்கியிருந்தால் குழந்தைகளுக்கு அதைக் காட்ட வாய்ப்பு அதிகம்.

காலில் வார் வைத்த, அடிப்பகுதி வழுக்காத காலணியே வேண்டும். பச்சையாகவோ கறுத்தோ பளபளக்கும் பாறையில் பாசி படிந்திருக்கும். அதைச் சுற்றிக்கொண்டு போங்கள். அருவியின் தலைப்பகுதிக்குப் படம் எடுக்க ஏறுவது எந்தக் காலணியுடனும் கூடாது.

யாரேனும் நீரோட்டத்தில் சிக்கினால் பின்னாலேயே குதிக்க வேண்டாம். கரையில் நின்றபடி கழியையோ கயிற்றையோ நீட்டுங்கள், மூடி இறுக்கிய வெறுங்குடுவை போல மிதக்கும் பொருளை எறியுங்கள். சிக்கியவர் ஓட்டத்தின் நடுவே எழுந்து நிற்க முயன்றால் கால் பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ளும். அவர் மல்லாந்து, பாதங்கள் ஓட்டம் போகும் திசையில் முன்னே இருக்கும்படி மிதந்து, நீர் தணிந்த இடத்தில் கரையேற வேண்டும். உங்கள் மகனுக்கு இதை அங்கே போய்ச் சொல்வதைவிட, புறப்படுவதற்கு முந்தைய நாளே வீட்டுத் தரையில் மல்லாந்து படுத்து ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.