மங்கலான லேசரைத் தடுக்கும் படிகம், செறிவான லேசரை மட்டும் ஏன் உள்ளே விடுகிறது?

ஒளியை உட்கவர்வது படிகத்தில் கலந்திருக்கும் அயனிகள்தான். அவற்றின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. நான்கு நேர்மின்சுமை கொண்ட குரோமியம் அயனிகள் கலந்த யாக் (YAG, இட்ரியம் அலுமினியம் கார்னெட்) படிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1064 நானோமீட்டர் அலைநீள ஃபோட்டானை (ஒளித்துகளை) விழுங்கிய அயனி மேல் ஆற்றல்மட்டத்துக்குப் போய், சில மைக்ரோநொடிகள் அங்கேயே தங்கிவிடும். அதற்குள் ஃபோட்டான்கள் வந்து குவிந்தால், கீழ்மட்டத்தில் விழுங்க ஆள் இருக்காது, படிகம் வெளுத்துப்போகும், அதாவது ஒளியைத் தடுக்காமல் விட்டுவிடும். படிகம் ஒளியை எவ்வளவு விழுங்கும் என்பதைச் சொல்லும் உட்கவர் குணகமே ஒளியின் செறிவைப் பொறுத்து மாறுவதால், அது மாறாது என்று கொள்ளும் பியர்-லாம்பர்ட் விதியை அப்படியே போட்டால் விடை தப்பும்.

முழுக்கத் தெளிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். மேல்மட்ட அயனிகளும் கொஞ்சம் ஒளியை வாங்கி இன்னும் மேலே தாவும். இந்த இழப்பைப் பலர் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். நியோடிமியம் யாக் லேசரில் நானோநொடித் துடிப்புகள் எடுக்க இப்படிகம் பயன்படுகிறது: வெளி மின்சுற்று இல்லாமல் தானே திறக்கும் கதவு.