வேடந்தாங்கலில் வெறும் புள்ளிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாசி முதல் ஞாயிறு குடும்பத்தோடு வேடந்தாங்கல் போயிருந்தோம். காலை எட்டரைக்குக் கரையேறி ஒரு மணி நேரம் நடந்தோம். மரமெல்லாம் கறுப்புப் புள்ளிகள். எது எந்தப் பறவை என்று பிடிபடவே இல்லை. 10×50 பைனாகுலர் வாங்கியும் பயனில்லை. நெல்லைப் பக்கம் உள்ள கூந்தன்குளம் சரணாலயத்துக்குப் போயிருக்க வேண்டுமோ?

க., தாம்பரம்

அன்புள்ள க.,

அவ்வளவு தூரம் போக வேண்டாம். மாதம் சரிதான், வேளைதான் தவறு. வேடந்தாங்கலில் கரை மேற்கிலும் தெற்கிலும் இருக்கிறது. காலையில் மேற்குக் கரையில் நின்றால் சூரியன் கண்ணுக்கு நேரே. நிறம் தெரியாமல் எல்லாம் நிழலாகத்தான் தெரியும். மூன்று மணிக்கு மேல் போங்கள். வெயில் முதுகுப் பக்கம் வந்துவிடும். மேயப் போனவை கூடு திரும்புவதும் அப்போதுதான்.

பைனாகுலர் 8×42, அதாவது எட்டு மடங்கு காட்டுவது, போதும். பத்து மடங்கு காட்டுவது கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும். வாங்கியாயிற்று என்றால் முழங்கைகளை விலாவோடு ஒட்டிப் பிடியுங்கள். வலக்கண்ணை மூடி நடுச் சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்க வளையத்தைத் திருகுங்கள். பலர் இந்த இரண்டாவதைச் செய்வதே இல்லை. கண்ணாடி போட்டவர் ரப்பர் விளிம்பை மடக்கிவிட வேண்டும்.

அடுத்தது, நடக்காதீர்கள். கரைக்குக் கிட்டே தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு ஒன்றைத் தேர்ந்து, அதை மட்டும் முக்கால் மணி நேரம் பாருங்கள். சங்குவளை நாரை இரையைக் கூட்டில் கக்கும், குஞ்சுகள் பொறுக்கித் தின்னும். கூழைக்கடாக் குஞ்சோ தாயின் அலகுப் பைக்குள் தலையையே விட்டு எடுக்கும். இதை ஒருமுறை பார்த்தவருக்குப் பெயர் தானாக மனதில் நிற்கும்.

ஏமாற்றுபவை சில உண்டு. நத்தைக்குத்தி நாரையின் மேல் கீழ் அலகுக்கு நடுவே தெரியும் இடைவெளி வளர்ந்த பறவைக்குத்தான், இளசுக்கு இருக்காது. சங்குவளை நாரையின் இளசு மங்கிய சாம்பல் பழுப்பு, அதை வேறு இனம் என்று குறித்துக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். தூங்கும் கரண்டிவாயன் அலகை முதுகுச் சிறகில் செருகியிருக்கும். கொக்கு என்று விட்டுவிடாமல், தலை தூக்கும்வரை பொறுங்கள்.

பிள்ளைகளைக் கை தட்ட விடாதீர்கள். தாய் எழும்பிய கூட்டில் காகம் இறங்க நேரமாகாது. அந்த ஊர்க்காரர்கள் இதில் கறார்: எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். பறவைகளைச் சுடக் கூடாது என்று 1798லேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள்.

காலைப் பொழுதைப் பக்கத்திலிருக்கும் கரிக்கிலிக்குக் கொடுங்கள். அங்கே வாத்துகள். நீலச்சிறகி என்ற வாத்தின் ஆணுக்கு, வலசை வந்திறங்கும் மாதங்களில் வெண்புருவம் தெரியாது, மாசியில் பளிச்சென்றிருக்கும். கிளம்புமுன் இரண்டு ஏரியிலும் தண்ணீர் நிற்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் சீக்கிரமே இடம் மாறிவிடும்.