ஆமைக்குஞ்சுகளைக் கடலில் 'லெஃப்ட்'டா, 'ரிலீஸ்ட்'டா?

பெசன்ட் நகர் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளுக்காக (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) இரவு நடை போனதை ஆங்கில அறிக்கையாக எழுதியதாகவும், ஆசிரியர் வினைச்சொற்களை எல்லாம் வட்டமிட்டுவிட்டதாகவும் சொல்லி, எங்கே தவறு என்று கேட்டிருந்தீர்கள். கவலைப்படாதீர்கள். தமிழில் யோசித்ததை அப்படியே மாற்றியதுதான் சிக்கல்.

ஆமை முட்டை 'போடுகிறது' என்பதற்காக 'புட்' வராது, 'லே' தான் வரும். நேற்று இட்டது என்றால் 'லெய்ட்'. ஆனால் முட்டைகள் மணலுக்குள் கிடந்தன என்றால் அது 'லை' என்ற வேறு வினை. அதன் இறந்தகாலமும் 'லே' தான்! எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது.

அடுத்தது 'விட்டோம்'. குஞ்சுகளைக் கடலில் 'லெஃப்ட்' என்றால் அம்போவென்று விட்டுவந்த தொனி வந்துவிடும். நாய்களிடமிருந்து முட்டைகளைக் காக்க, பொரிப்பகத்துக்கு மாற்றி, ஒன்றரை மாதத்துக்கு மேல் காவல் இருந்த உழைப்புக்கு அது அநியாயம். 'ரிலீஸ்ட்' என்று எழுதுங்கள். ஒரு கூட்டைத் தொடாமல் அங்கேயே விட்டிருந்தால் மட்டும் 'லெஃப்ட்' சரி.

வலையில் சிக்கிய ஓர் ஆமையை 'சேவ்' செய்யலாம். இனத்தையே நீண்டகாலம் நிலைக்க வைப்பது 'கன்சர்வ்'.

அப்புறம், 'ஆஃப் தி லைட்ஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். 'ஆஃப்' அங்கே வினையாக நிற்காது, 'டர்ன் ஆஃப்' வேண்டும். வெளிச்சத்தைக் கடல் என்று நம்பிக் குஞ்சுகள் சாலைப் பக்கம் ஊர்ந்துவிடுகின்றன. விளக்கை அணைக்கச் சொல்லும் அந்த வரியை அறிக்கையின் தொடக்கத்திலேயே வையுங்கள்.