படமில்லாத துப்பறிதல்

கேள்வி: எழுத்தை மட்டுமே கொண்ட ‘டெட்லைன்’ துப்பறியும் விளையாட்டைக் கைப்பேசியில் ஆடுகிறேன், ஒவ்வொரு முறையும் நேரம் தீர்ந்து தோற்றுவிடுகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: 1982-இல் இன்ஃபோகாம் என்ற கணினி விளையாட்டு நிறுவனம் வெளியிட்ட அந்த விளையாட்டில், பூட்டிய நூலக அறையில் இறந்து கிடந்த செல்வந்தரின் மரணம் தற்கொலையா, கொலையா என்பதைக் கதைக்குள் 12 மணி நேரத்தில் நிறுவியாக வேண்டும், நீங்கள் இடும் கட்டளைகளும் அந்த நேரத்தைத் தின்றுகொண்டே போகும். ஆகவே முதல் ஆட்டத்தில் வெல்ல நினைக்காமல், யார் எப்போது எங்கே போகிறார் என்பதை மட்டும் தாளில் குறித்துக்கொண்டு, ஆட்டத்தை அடிக்கடி சேமித்துவையுங்கள். கணினி வட்டில் இடம் போதாததால் விசாரணை வாக்குமூலங்களும் ஆய்வக அறிக்கையும் அன்று அச்சிட்ட தாள்களாகவே பெட்டியில் வந்தன. அவற்றைப் படிக்காமல், ஆட்டத்தின் கணினிக் கோப்பு ஒன்றை மட்டும் செயலியில் ஏற்றி ஆடுவது (நானும் முதலில் அப்படித்தான் ஆடினேன்) கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதாகும்.