டூர் டி பிரான்ஸ் டிவி காசில் என் மகனுக்குப் பங்கு வருமா?

கேள்வி: மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் இருக்கிறோம். என் மகனுக்கு 19 வயது. கிளப்பில் சைக்கிள் ஓட்டுகிறான், தீவுப் பந்தயங்களில் நல்ல இடத்தில் வருகிறான். ஐரோப்பாவில் ஒரு கான்டினென்டல் அணியில் இடம் வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். முதல் ஆண்டுக்கு நாங்கள் 12,000 யூரோ ‘ஸ்பான்சர் பணம்’ கட்ட வேண்டுமாம். டூர் டி பிரான்ஸ் டிவி காசில் அணிக்கு வரும் பங்கிலிருந்து இரண்டு ஆண்டில் அது திரும்பி வந்துவிடுமாம். என் தம்பிதான் அவரோடு பேசுகிறான். நிலப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள் அம்மா. அந்த அணி நல்ல அணியா, மோசமான அணியா என்று எனக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஏஜென்ட் சொன்ன கணக்கு அணியைப் பார்ப்பதற்கு முன்பே உடைந்துவிடுகிறது.

டூர் டி பிரான்ஸுக்கு வேர்ல்டு டீம், புரோ டீம் என்ற மேல் இரண்டு வகை அணிகளை மட்டுமே அழைப்பார்கள். கான்டினென்டல் என்பது மூன்றாம் படி. அந்த அணி டூரின் தொடக்கக் கோட்டிலேயே நிற்க முடியாது. நிற்காத பந்தயத்தின் டிவி காசில் பங்கு எப்படி வரும்?

சரி, நாளைக்கே பையன் மேல் படிக்குப் போய்விட்டான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வராது. நம் தீவில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் பாதி வீடு லிவர்பூல், மீதி வீடு மான்செஸ்டர். அந்தப் பழக்கத்தில்தான் எல்லா விளையாட்டும் இங்கிலாந்துக் கால்பந்தின் பிரீமியர் லீக் மாதிரி என்று நினைத்துவிடுகிறோம். அங்கே உள்நாட்டு ஒளிபரப்புப் பணத்தில் பாதியை 20 அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கிறார்கள், மீதியைத் தர வரிசையும் எத்தனை ஆட்டம் டிவியில் வந்தது என்பதும் தீர்மானிக்கின்றன. லீக் அணிகளுக்குச் சொந்தம், அதனால் காசும் அணிகளுக்கு. சைக்கிளில், பந்தயம் அதை நடத்துபவருக்குச் சொந்தம். டூரை 1903-இல் தொடங்கியதே ‘லோட்டோ’ (L'Auto) என்ற பத்திரிகைதான், விற்பனையைக் கூட்டுவதற்காக. இன்று அது அமோரி குடும்பத்தின் ஏஎஸ்ஓ நிறுவனத்தின் கையில். வுவெல்டா, பாரி-ரூபே, லியேஜ் என்ற பெரிய பந்தயங்கள் எல்லாமே அவர்களுடையவை. இத்தாலியின் ஜிரோ பந்தயம் ஆர்சிஎஸ் நிறுவனத்துக்கு. ஒளிபரப்பு உரிமையை விற்பவர்கள் இவர்கள். அணிகள் விருந்தாளிகள்: டூருக்கு வந்ததற்காக ஓர் அணிக்குச் சுமார் 50,000 யூரோ செலவுப் பணமாகக் கொடுப்பார்கள். பஸ், மெக்கானிக், சமையல்காரர், ஹோட்டல் என்று மூன்று வாரம் ஓடும் பட்டாளத்துக்கு அது சில்லறை. டூர் வென்றவருக்கு 500,000 யூரோ பரிசு. அதையும் அணிக்குள் வீரர்கள், உதவியாளர்கள் என்று பிரித்துக்கொள்வதுதான் வழக்கம்.

அப்படியானால் அணி எதில் பிழைக்கிறது? ஸ்பான்சரில். கிட்டத்தட்ட முழுவதும். மைதானம் இல்லை, டிக்கெட் இல்லை, ரோட்டோரம் நின்று பார்ப்பவன் ஒரு காசு தர வேண்டியதில்லை. அதனால்தான் அணிக்கு ஊர்ப் பெயர் இல்லாமல் காப்பீட்டுக் கம்பெனி, லாட்டரி, பசை, சாஃப்ட்வேர் பெயர்களாக இருக்கின்றன. நம் தீவின் வீராங்கனை கிம் லெ கோர்ட் 2025-இல் லியேஜ்-பாஸ்டோஞ்-லியேஜ் ஜெயித்ததும், அதே ஆண்டு பெண்கள் டூரில் முன்னணியில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சி போட்டதும் ஒரு காப்பீட்டுக் கம்பெனி, ஒரு பசைக் கம்பெனி பெயர்களைச் சுமந்துதான். டிவியால் அணிக்கு வரும் ஒரே லாபம் அந்தப் பெயர் திரையில் தெரிவது.

ஸ்பான்சர் போனால் அணியும் போயிற்று. பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் எம்டிஎன்-குபேக்கா 2015-இல் டூரில் ஓடிய முதல் ஆப்பிரிக்க அணி. மண்டேலா தினத்தன்று மாந்த் என்ற ஊரில் முடிந்த ஒரு நாள் கட்டத்தையும் ஜெயித்தது. அப்புறம் டைமென்ஷன் டேட்டா, என்டிடி, அஸோஸ் என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது. 2021 நடுவில் புதிய ஸ்பான்சர், ஐந்து ஆண்டு ஒப்பந்தம் என்று பெரிதாக அறிவித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் முதல் படி அணிகளுக்கான வேர்ல்டு டூர் லைசென்ஸ் போய்விட்டது. டிவி காசில் நிலையான ஒரு பங்கு இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா? பல ஆண்டுகளாக அணிகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. ‘ஒன் சைக்கிளிங்’ என்று சவூதி முதலீட்டோடு ஒரு திட்டம் வந்தது, 2025 ஜூனில் உலக சைக்கிள் சம்மேளனமான யூசிஐ முடியாது என்று சொல்லிவிட்டது. ஏஎஸ்ஓவும் அசைய மாட்டார்கள், யூசிஐயும் அசைய மாட்டார்கள். நடுவில் நசுங்குவது உங்கள் பையன் மாதிரிப் பிள்ளைகள்.

இப்போது அந்த 12,000 யூரோ. நம் காசில் ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல். வேர்ல்டு டீமில் புதுமுகம் அல்லாத ஆண் வீரருக்கு ஆண்டுக்கு 40,000 யூரோவுக்கு மேல் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. கான்டினென்டல் அணிக்கு அப்படி ஒரு கட்டாயத்தை யூசிஐ வைக்கவில்லை. அந்தப் பள்ளத்தில்தான் தரகர்கள் குடியிருக்கிறார்கள். பையன் ‘ஸ்பான்சர்’ கொண்டு வருவான், அணி அதையே ‘சம்பளம்’ என்று மாதாமாதம் திருப்பிக் கொடுக்கும், நடுவில் ஒருவர் தன் பங்கை உருவிக்கொள்வார். இத்தாலியில் இந்த விஷயம் வெளிவந்து விசாரணை வரை போயிருக்கிறது. அணி வீரனுக்குக் காசு கொடுக்க வேண்டும். வீரன் அணிக்குக் கொடுத்தால் அது வேலை இல்லை, கட்டணம் கட்டி வரும் சுற்றுலா.

உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வீரருக்காக அணியோடு பேரம் பேச யூசிஐ லைசென்ஸ் வேண்டும். அதற்குப் பரீட்சை உண்டு, லைசென்ஸ் உள்ளவர்களின் பட்டியலை யூசிஐ இணையதளத்தில் பார்க்கலாம். விதிவிலக்கும் உண்டு: வழக்கறிஞர் பேசலாம். அப்பா பேசலாம், அம்மா பேசலாம், உடன்பிறந்தவர் பேசலாம், கல்யாணம் ஆனவனாக இருந்தால் மனைவி பேசலாம். தாய்மாமன் அந்த வரிசையில் இல்லை. நம் வீட்டில் தாய்மாமன் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது என்பது யூசிஐக்குத் தெரியாது. ‘குடும்பத்தில் ஒருவர்’ என்று சொல்லிக்கொண்டு வரும் தரகரும் அந்த வரிசையில் இல்லை. ஆகவே பேச வேண்டியது நீங்கள். தம்பி கூட உட்காரட்டும், கையெழுத்து மட்டும் போட வேண்டாம்.

ஏஜென்டிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: அணியின் பெயர் என்ன, உங்கள் லைசென்ஸ் எங்கே? யூசிஐ பட்டியலில் அணியின் வகையை நீங்களே பாருங்கள். மகனைக் கூட்டிக்கொண்டு மொரீஷியஸ் சைக்கிள் சம்மேளனத்துக்குப் போங்கள். யூசிஐயின் பயிற்சி மையம் சுவிட்சர்லாந்தின் எகிளில் இருக்கிறது, அதன் ஆப்பிரிக்கக் கிளை தென்னாப்பிரிக்காவின் பார்லில். அங்கே போகும் வழி சம்மேளனத்தின் வழியாகத்தான், நிலப் பத்திரத்தின் வழியாக இல்லை. சம்மேளனத்தில் இழுத்தடிப்பார்கள், அதுவும் தெரிந்ததுதான். எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

தம்பி ஏற்கெனவே எதிலாவது கையெழுத்துப் போட்டிருந்தால், அதன் நகலோடு இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள். ‘விசாவுக்கு’ என்று கேட்டாலும் பையனின் பாஸ்போர்ட்டை அந்த ஏஜென்டின் கையில் கொடுக்காதீர்கள்.