கப்பலின் வலப்பக்கத்துக்கு ‘ஸ்டார்போர்டு’ என்று ஏன் பெயர் வந்தது?

கப்பலில் முன்பக்கம் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம்தான் ஸ்டார்போர்டு. ராத்திரி காசிமேட்டுக்குத் திரும்பும் விசைப்படகில் பச்சை விளக்கு எரிவது அந்தப் பக்கம், இடப்பக்கம் சிவப்பு.

பழைய ஆங்கிலத்தில் இது இரண்டு சொல். முதல் பாதிக்குத் திசை திருப்புவது என்று பொருள். பஸ் ‘ஸ்டியரிங்’ என்கிறோமே, அதே வேர். ‘போர்டு’ என்பது கப்பலின் பக்கம். சுக்கானைப் பின்னால் நடுவில் பொருத்தும் வழக்கம் வருமுன், வட ஐரோப்பியக் கப்பல்களில் வலப்பக்கம் ஒரு பெரிய துடுப்பைக் கட்டித்தான் திருப்பினார்கள். பெரும்பாலோருக்கு வலக்கைதானே வாகு!

தண்டையார்பேட்டை பஸ்ஸில் ஏறியதும் “டிரைவர் பக்கம் சீட்டைப் பிடி” என்று கத்துகிறோமே, அந்தக் கதைதான். நாளைக்கே ஸ்டியரிங்கை நடுவில் வைத்தாலும் அந்தப் பேச்சு சட்டென்று போகாது.

துடுப்பு நசுங்கக் கூடாதென்று இடப்பக்கத்தையே கரையோடு அணைத்ததால் அது ‘போர்ட்’, அதாவது துறைமுகப் பக்கம். அதற்கு முன்பிருந்த ‘லார்போர்டு’ காற்றில் கத்தும்போது ஸ்டார்போர்டு மாதிரியே காதில் விழுந்ததால், 1844இல் பிரிட்டிஷ் கடற்படை அதைக் கைவிட்டது.

நட்சத்திரம் பார்த்துக் கப்பல் ஓட்டியதால் வந்த பெயர் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். வானத்து ஸ்டாருக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தமே கிடையாது.