நெல்லா, தண்ணீரா, நிலமா? குணம் பற்றிய கேள்வி பதில்

ஆளுமை, ஒழுக்கம், சமூக உளவியல் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். ராசி, கைரேகை, கையெழுத்தை வைத்துக் குணம் சொல்வது எதற்கும் பதில் வராது. வீட்டில் யாராவது தூக்கமில்லாமல், உயிர் வெறுத்துப் பேசுகிறார் என்றால் இங்கே எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கும்பகோணம், ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்: நாலெழுத்தில் குணம் சொல்லும் 16 வகைத் தேர்வை வேலைக்கு ஆள் எடுக்கப் பயன்படுத்தலாமா, ஐயா?

வேண்டாம். கலகலப்பு என்பது உயரம் மாதிரி. பெரும்பாலானவர்கள் நடுவில்தான் இருப்பார்கள். அந்தத் தேர்வு நடுவில் ஒரு கோடு போட்டு, 49 வாங்கியவரை ஒரு சாதி, 51 வாங்கியவரை வேறு சாதி என்கிறது. சில வாரம் கழித்து அதே ஆள் திரும்ப எழுதினால் ஓர் எழுத்தாவது மாறிவிடுவது சகஜம்.

ஐந்து காரணி அளவீடு (பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், பதற்றம், புதுமை நாட்டம் என்ற ஐந்தைப் பார்ப்பது) அதைவிட உறுதியானது. ஆனால் அதில் வேலைத்திறனோடு நன்றாகப் பொருந்தும் 'பொறுப்புணர்வு'கூட, 2022-ல் சாக்கெட் குழு பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டித் திருத்திப் போட்ட கணக்கில், ஒட்டுறவு எண் 0.19 தான் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்). எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்கும் நேர்காணலுக்கு 0.42. எனவே ஆறேழு கேள்விகளை முன்கூட்டியே எழுதுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அங்கேயே மதிப்பெண் போடுங்கள். இரண்டு பேர் தனித்தனியாகப் போட்ட பிறகுதான் ஒப்பிட வேண்டும். கூடவே அரை மணி நேரம் அந்த வேலையையே செய்யச் சொல்லிப் பாருங்கள்.

திருவாரூர், ஆய்வு மாணவி: ஐந்து காரணிக்கான 44 கேள்விப் பட்டியலைத் தமிழாக்கி விவசாயத் தொழிலாளர்களிடம் கேட்டேன். ஒரே குணத்துக்கான கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஆல்ஃபா எண் 0.45-க்கு மேல் ஏறவில்லை. மொழிபெயர்ப்புத் தப்பா?

பாதி அது. மீதி, கேட்ட விதம். முதலில் ஒன்றைப் பாருங்கள்: 'நிறையப் பேசுவேன்' என்பதற்கும் 'ஆமா', 'அமைதியானவர்' என்பதற்கும் 'ஆமா' என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்? இதுதான் ஆமாம்சாமிச் சாய்வு. பேன்ட் போட்டவர் தாளும் பேனாவுமாக வந்து கேட்டால் மறுத்துச் சொல்வது மரியாதை இல்லை என்று நினைப்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. லஜாஜ் குழு 2019-ல் 23 வளரும் நாடுகளின் தரவை அலசியபோது, நேரில் வாசித்துக் கேட்ட இடங்களில் ஐந்து காரணியும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன. பொலிவியாவில் சிமானே பழங்குடி மக்கள் 632 பேரிடம் 2013-ல் செய்த ஆய்விலும் ஐந்தும் தனித்தனியாகப் பிரியவில்லை.

கையிலிருக்கும் தரவைக் கொஞ்சம் மீட்கலாம். நேர்–எதிர் ஜோடிகளை மட்டும் எடுத்து, தலைகீழாக்காமல், ஒவ்வொருவருக்கும் சராசரி பாருங்கள். 5 புள்ளி அளவில் அது 3 அருகே இருக்க வேண்டும். ஒருவருக்கு 3.8 வந்தால் 0.8 அவருடைய சாய்வு. எல்லாப் பதிலிலும் அதைக் கழித்துவிட்டு, பிறகு தலைகீழ்க் கேள்விகளின் (குணத்தை எதிர்ப்பக்கமாகக் கேட்பவை) மதிப்பெண்ணைத் திருப்புங்கள்.

அடுத்த முறைக்கு: அந்தப் பட்டியலில் 16 தலைகீழ்க் கேள்விகள். தமிழில் அவற்றை 'எளிதில் பதற்றமடையாதவர்' என்று எழுதி, கீழே 'உடன்பாடில்லை' என்று கட்டம் வைத்தால், இல்லைக்குள் இல்லை வந்து தலை சுற்றும். 'எதுக்கும் நிதானமா இருப்பீங்களா?' என்று நேராகக் கேளுங்கள். ஐந்து கட்டத்தை வாசிக்காதீர்கள். முதலில் 'ஆமாவா, இல்லையா', அப்புறம் 'கொஞ்சமா, ரொம்பவா'. 'கற்பனை வளம் மிக்கவர்' என்பதை 'கதை விடுறவன்' என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. பத்துப் பேரிடம் முன்னோட்டம் பார்த்து, 'இதுல என்ன கேக்குறேன்னு உங்க வாயால சொல்லுங்க' என்று கேட்டுவிடுங்கள். பக்கத்தில் வயல்காரரோ மேஸ்திரியோ நிற்கக்கூடாது. 60 பேரை வைத்து ஒட்டுறவு எண் போடாதீர்கள். அது 250 பேர் வாக்கில்தான் ஆடாமல் நிற்கிறது.

மயிலாடுதுறை வாசகர்: மூத்த பிள்ளைக்குப் பொறுப்பு, கடைக்குட்டிக்குச் செல்லம். உண்மைதானே?

வீட்டுக்குள் உண்மை மாதிரி தெரியும், ஏனென்றால் மூத்தவரை எப்போதும் வயது கூடியவராகவே பார்க்கிறீர்கள். வயதைச் சமன் செய்து, அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியில் 20,000 பேருக்கு மேல் பார்த்த 2015 ஆய்வில் பொறுப்பிலும் கலகலப்பிலும் பிறந்த வரிசைக்கு வேலையே இல்லை.

பாபநாசம், ஆசிரியை: காத்திருந்தால் இன்னொன்று என்று சொல்லி மிட்டாயை முன்னால் வைத்தால், தின்னாமல் காத்திருக்கும் குழந்தை பிற்பாடு முன்னுக்கு வரும் என்கிறார்களே. வகுப்பில் செய்து பார்க்கலாமா?

விளையாட்டாகச் செய்யுங்கள், அம்மா. குறித்து மட்டும் வைக்காதீர்கள். உளவியலாளர் மிஷேலின் பழைய ஆய்வு ஸ்டான்ஃபோர்ட் வளாகத்து மழலையர் பள்ளியில், பெரும்பாலும் படித்தவர் வீட்டுப் பிள்ளைகளிடம் நடந்தது. 2018-ல் 900-க்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் திரும்பப் பார்த்தபோது, 15 வயதுப் படிப்போடு தொடர்பு பழையதில் பாதிதான் வந்தது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்தது. 'அப்புறம் தரேன்' என்று சொன்னவர்கள் தராமலே போன வீட்டில் வளரும் பிள்ளை, கையில் கிடைத்ததை உடனே தின்பதுதான் புத்திசாலித்தனம்.

திருவையாறு வாசகர்: நெல் விளையும் ஊர்க்காரர்கள் கூடி வாழ்பவர்கள், கோதுமை ஊர்க்காரர்கள் தனித்து நிற்பவர்கள் என்கிறதாமே ஓர் ஆய்வு. அப்படியானால் டெல்டாக்காரன் குணமே தனி என்று சொல்லலாமா?

தாமஸ் டால்ஹெம் குழு, 2014. சீனாவில் 6 இடங்கள், 1,162 மாணவர்கள். 'ரயில், பஸ், தண்டவாளம். இதில் எந்த இரண்டு சேரும்?' என்பது ஒரு சோதனை. ரயிலும் பஸ்ஸும் வண்டி என்பது வகை பிரிக்கும் புத்தி. ரயிலும் தண்டவாளமும் என்பது உறவு பார்க்கும் புத்தி. நெல் மாகாணத்தார் பின்னதை அதிகம் சொன்னார்கள். இன்னொன்று, தன்னையும் நண்பர்களையும் ஆளுக்கொரு வட்டமாக வரைவது. கோதுமை மாகாணத்தார் தன் வட்டத்தைச் சராசரியாக 1.5 மில்லிமீட்டர் பெரிதாகப் போட்டார்கள். நெல் மாகாணத்தாரிடம் வித்தியாசமே இல்லை. அமெரிக்கர்களுக்கு அது 6 மில்லிமீட்டர் வாக்கில்.

சொன்ன காரணம் இரண்டு: தண்ணீரைப் பங்கு போட வேண்டும், நெல்லுக்கு ஏறக்குறைய இரு மடங்கு ஆள் வேலை. வயலுக்கு வயல் பாய்ச்சலில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒருத்தர் மட்டும் இருபது நாள் தள்ளி நட்டால், அக்கம்பக்கத்தில் அறுவடைக்காக வயலைக் காயப் போடும்போது இவருக்குத் தண்ணீர் வேண்டும். எலியும் பூச்சியும் கடைசியாக நிற்கும் அந்த வயலுக்கே வரும்.

மாகாணத்துக்கு மாகாணம் நெல் மட்டுமா மாறுகிறது என்று மறுத்தவர்கள் உண்டு. அதற்காக 2024-ல் சீனாவின் நிங்சியா பகுதியில் இரண்டு அரசுப் பண்ணைகளில் 234 பேரைப் பார்த்தார்கள். யார் நெல்லுக்கு, யார் கோதுமைக்கு என்று அரசு பிரித்து அனுப்பிய இடம், அவர்களாகத் தேர்ந்ததல்ல. அங்கேயும் அதே திசையில்தான் முடிவு. இருந்தாலும் இது சராசரி. 'டெல்டாக்காரன்' என்று ஒரு தனி ஆள் மேல் ஒட்டாதீர்கள்.

தலைஞாயிறு வாசகர்: கூடி வாழ்வதா? மேட்டூரைத் திறந்தாலும் கடைமடைக்கு வருவதற்குள் நாற்றங்கால் காய்ந்துவிடுகிறது. மேலே இருப்பவன் மடையை விடுவதில்லை. எங்கே இருக்கிறது ஒற்றுமை?

சரியான அடி. ஆனால் அது கோட்பாட்டின் மேல் விழவில்லை. 'கூட்டு மனம்' என்றால் நல்ல மனம் என்று அர்த்தமில்லை. நம்மாள் ஒரு கணக்கு, அந்நியன் ஒரு கணக்கு என்பதும் அதில் அடக்கம். வியாபாரத்தில் நண்பன் ஏமாற்றினால் தண்டிப்பாயா, அந்நியன் ஏமாற்றினால் தண்டிப்பாயா என்றும் அந்த ஆய்வு கேட்டது. நெல் மாகாணத்தார் நண்பனைத்தான் அதிகம் தண்டிக்காமல் விட்டார்கள். தன் வாய்க்கால்காரனுக்கு இரவு காவல் நிற்பவரே கடைமடையைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாம். இரண்டும் ஒரே குணத்தின் இரண்டு பக்கம்.

'நியாயம்' என்பதும் ஒன்றல்ல. மக்கள் எதை வைத்துச் சரி, தப்பு சொல்கிறார்கள் என்று பார்க்கும் ஒழுக்க அடித்தளக் கேள்வித்தாளை 2023-ல் அட்டாரி குழு திருத்தியபோது அதைச் சமத்துவம் (எல்லாருக்கும் ஒரே அளவு), விகிதம் (அவரவர் பங்குக்கு ஏற்ப) என்று இரண்டாகப் பிரித்தார்கள். தண்ணீர் குறைந்த வருஷம் ஏக்கர் கணக்கில் முறை வைப்பதா, வீட்டுக்கு இவ்வளவு என்பதா என்று ஊரில் சண்டை போடும் இரு தரப்பும் நியாயத்தைத்தான் பேசுகிறது.

மன்னார்குடி வாசகர்: மன்னிக்கணும், சேற்றில் இறங்கியது யார்? மிராசுதார் வரப்பில் நின்றார், பண்ணையாள் நட்டார். கூலி வேலையைக் 'கூட்டு உழைப்பு' என்று எழுதுவது அநியாயம்.

இன்றைக்கு வந்ததில் பலமான மறுப்பு இதுதான். டால்ஹெம் கணக்கில் தண்ணீர் பங்கும் கைமாற்று உழைப்பும் (இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ) ஒரே குடும்பத்தின் மேல் விழுகின்றன. இங்கே தண்ணீர் பேசியது நிலம் வைத்திருந்தவர், முதுகு வளைத்தது நிலமில்லாதவர். தஞ்சாவூருக்கென்றே 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தேவைப்பட்டது. அந்த ஆண்டுகளில் இங்கே தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் கேத்லீன் கஃப் எழுதியதில் சாதித் தெருக்களுக்கு நடுவே இருந்த பிளவுதான் முதலில் கண்ணில் படும். அதனால் டெல்டாவில் ஒரே ஊருக்கு ஒரே கணிப்பு செல்லாது. தெருவுக்குத் தெரு வேறு கணிப்பு வர வேண்டும்.

அதே திருவையாறு வாசகர்: இப்போது நடவுக்கும் மெஷின், அறுப்புக்கும் மெஷின். இனி குணம் மாறிவிடுமா?

பயிரை விட்ட பிறகும் பழக்கம் நிற்கிறது. சீன நகரங்களின் காபிக் கடைகளில் நாற்காலிகளை வழி மறித்துப் போட்டுப் பார்த்தார்கள், 2018. கோதுமைப் பக்கத்து நகரங்களில் சுமார் 16 சதவீதம் பேர் நாற்காலியை நகர்த்தினார்கள். நெல் பக்கத்தில் 6. மற்றவர்கள் உடம்பைச் சுருக்கிக்கொண்டு இடையில் நுழைந்து போனார்கள். அவர்களில் எத்தனை பேர் வயலைப் பார்த்திருப்பார்கள்?

பட்டுக்கோட்டை வாசகர்: அந்த நாலெழுத்துத் தேர்வில் என் வகை ஐஎன்எஃப்ஜே. எனக்கு எந்த வேலை பொருந்தும்?

முதல் பதில்.

சீர்காழி வாசகர்: மிட்டாய் சோதனையை வீட்டில் மகனுக்கு...

பாபநாசம் அம்மாவுக்கு எழுதியது உங்களுக்கும்தான்.

நாகப்பட்டினம் வாசகர்: ரோட்டில் அடிதடி என்றால் கூட்டம் நிற்கிறது, உதவ ஆளில்லை. கூட்டம் கூடினால் பொறுப்பு கரைந்துவிடும் என்பது நிரூபணமானதுதானே?

1968-ல் டார்லி, லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் ஆய்வுக்கூடத்தில் காட்டியது அது. தெருவில் நிலைமை வேறு. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஊர்களின் கேமராவில் பதிவான 219 சண்டைகளைப் பார்த்ததில், 91 சதவீதத்தில் குறைந்தது ஒருவராவது தலையிட்டிருக்கிறார். ஆள் கூடக்கூட உதவி கிடைக்கும் வாய்ப்பும் கூடியது. ஆனால் அது சண்டை. விபத்துக்கு அப்படியே ஒட்டவைக்காதீர்கள். விபத்து இடத்தில் 'யாராவது போன் பண்ணுங்க' என்று கத்தாமல், ஒருவரைக் கை காட்டி, 'பச்சைச் சட்டை அண்ணே, நீங்க 108-க்குப் போடுங்க' என்று சொல்லுங்கள்.

வலங்கைமான் வாசகர்: என் துலாம் ராசிக்கு...

மேலே முதல் பத்தி.

தலைஞாயிறு வாசகர்: சரி, நெல் விஷயத்தை இங்கேயே சோதிக்க வழி உண்டா?

உண்டு. 1934-ல் மேட்டூரோடு வந்த கல்லணைக் கால்வாய், நம் பேச்சில் புது ஆறு, அதுவரை வானம் பார்த்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. எந்த ஊருக்கு எட்டும் என்பதை மேடு பள்ளம்தான் முக்கியமாக முடிவு செய்தது, மக்கள் குணம் அல்ல. பாசன எல்லைக்கு இந்தப் பக்கம் பத்து ஊர், அந்தப் பக்கம் பத்து ஊர் எடுங்கள். அந்தப் பக்கத்திலும் ஏரி நெல் உண்டு, அதைத் தனியாகக் குறிக்க வேண்டும். மன்னார்குடிக்காரர் சொன்னபடி, நிலம் உள்ள வீடு, இல்லாத வீடு என்று ஊருக்குள்ளேயே பிரியுங்கள். ஆழ்குழாய்க் கிணறு (போர்) போட்டவர்கள் தனிக் கணக்கு. அவர்களுக்கு மேல் வயல்காரர் தயவு வேண்டாம்.

சாதி, படிப்பு, வெளிநாட்டுச் சம்பாத்தியம் மூன்றையும் கேட்காமல் திரும்பாதீர்கள். வட்டம் வரையச் சொல்லும்போது 'நட்பு வட்டம்' என்று சொல்லிவிடக்கூடாது, 'உங்களை ஒண்ணு, அவங்களை ஆளுக்கு ஒண்ணு' என்றால் போதும். எந்த ஊர்த் தாள் என்று தெரியாத இரண்டு பேர் தனித்தனியாக ஸ்கேல் வைத்து விட்டத்தை அளக்கட்டும். தேடுவது ஒன்றரை மில்லிமீட்டர், அதனால் பென்சிலைச் சீவிக் கொடுங்கள்.